மில்லிவோல்ட்டை அளக்க எவ்வளவு கெயின் போதும்?

முதன்முதலில் என் பொறுப்பில் நடந்த ஒரு சோதனையில் மூன்று வாரத் தரவு வீணாய்ப் போனது. உலோகச் சட்டம் ஒன்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றி, அது தாங்கும் எடையை இடைவிடாமல் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. லோடு செல் (எடையை மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்) நன்றாக இருந்தது, இணைப்புகளில் குறையில்லை, நிரலும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனால் பதிவான வரைபடம் படிக்கட்டு மாதிரி இருந்தது. ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு படி. இரண்டு படிகளுக்கு நடுவே சட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பது தரவில் இல்லவே இல்லை. பிறகு எந்தக் கணக்குப் போட்டும் அதை மீட்க முடியவில்லை. காரணம் ஒரே ஓர் அமைப்பு. அந்தச் சேனலின் உள்ளீட்டு வரம்பு, கருவி பெட்டியிலிருந்து வந்தபோது இருந்தபடியே, ±10 வோல்ட்டில் இருந்தது.

கணக்கு எளிது. லோடு செல்லின் தாளில் ‘2 மில்லிவோல்ட் / வோல்ட்’ என்று போட்டிருந்தால், அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழுச் சுமையில் 2 மில்லிவோல்ட் வெளியே வரும். 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமைக்கு 20 மில்லிவோல்ட். எங்களிடம் இருந்த லோடு செல்லின் முழுச் சுமை 100 கிலோ. அதைப் படித்தது 16 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று), அதாவது 65,536 படிகள். −10 முதல் +10 வரையுள்ள 20 வோல்ட்டை இத்தனை படிகளாக வகுத்தால் ஒரு படிக்கு 305 மைக்ரோவோல்ட். 20 மில்லிவோல்ட்டுக்குள் இப்படிப்பட்ட படிகள் 65 தான் அடங்கும். 100 கிலோவை 65-ஆல் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. லாரியை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் மோதிரத்தை வைத்த மாதிரி, கருவியின் படிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு அளந்திருக்கிறோம்.

அதே சிக்னலை 400 மடங்கு பெருக்கி அதே ஏடிசிக்குக் கொடுத்தால் 20 மில்லிவோல்ட் 8 வோல்ட்டாகிவிடும். 26,000-க்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கும். ஒரு படி நான்கு கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஏடிசி மாறவில்லை, லோடு செல் மாறவில்லை. நடுவே ஒரு பெருக்கி சரியான அளவில் வேலை செய்கிறது.

‘பதிவு செய்த பிறகு நிரலில் 400-ஆல் பெருக்கிக்கொள்ளலாமே’ என்று பலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் படிக்கட்டுதான் 400 மடங்கு உயரமாகும். ஏடிசி ஒரு தடவை வகுத்துவிட்டால், படிக்குக் கீழே இருந்த விவரம் போனது போனதுதான். ‘ஆயிரம் அளவுகளைச் சராசரி எடுக்கலாமே’ என்ற கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சிக்னலோடு கலந்த இரைச்சல் ஒரு படியைவிடப் பெரிதாக இருந்தால், சராசரி படிக்குக் கீழே போக உதவும். N எண்ணிக்கையில் அளவுகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் √N-இல் ஒரு பங்காகக் குறையும். எங்கள் சோதனையில் இரைச்சல் ஒரு படிக்கு வெகு கீழே இருந்தது. ஒரே எண்ணை ஆயிரம் தடவை கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் அதே எண்தான் வரும்.

ஆகவே ஏடிசிக்கு முன்னாலேயே கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ‘ஏடிசியின் வரம்பை நிரப்பும் அளவுக்கு’ என்பது பாடப்புத்தக விடை. அது பாதி உண்மை. எனக்குப் பயன்படும் விடை வேறு: ஏடிசியின் இரைச்சல் பெருக்கியின் இரைச்சலுக்குக் கீழே அமுங்கும்வரை கெயினை ஏற்ற வேண்டும், அங்கே நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் உள்ளீட்டுக்குக் கொண்டுவருதல்

இதைக் கணக்கிட ஒரு பழக்கம் வேண்டும். இரைச்சல், ஆஃப்செட் (உள்ளீடு பூஜ்யமாக இருந்தும் தெரியும் அளவு), படியின் அளவு என எந்தப் பிழையாக இருந்தாலும், அது சென்சாரின் முனையில் இருந்தால் எத்தனை மைக்ரோவோல்ட்டாக இருக்கும் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். பெருக்கிக்குப் பின்னால் வரும் பிழையைக் கெயினால் வகுத்தால் போதும். எல்லாம் ஒரே இடத்துக்கு, ஒரே அலகுக்கு வந்துவிடும். எது பெரிது, எது சிறிது என்பது உடனே தெரியும்.

ஏடி620 என்ற பரவலான இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கியை (இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பெருக்குவது) எடுத்துக்கொள்வோம். இதன் கெயினை ஒரே ஒரு மின்தடை தீர்மானிக்கிறது: 49.4 கிலோ ஓமை அந்த மின்தடையால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கெயின். 499 ஓம் போட்டால் 100. 124 ஓம் போட்டால் ஏறக்குறைய 400. இதன் உள்ளீட்டு இரைச்சல் சுமார் 9 நானோவோல்ட் / √ஹெர்ட்ஸ். லோடு செல்லுக்குள் இருக்கும் 350 ஓம் பிரிட்ஜ் (நான்கு மின்தடைகளின் சுற்று) தன் வெப்பத்தாலேயே எழுப்பும் இரைச்சல் இன்னொரு 2.4 நானோவோல்ட் / √ஹெர்ட்ஸ். இந்த வெப்ப இரைச்சலை 1928-இல் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் விளக்கினார். எந்தப் பெருக்கியை வாங்கினாலும் இதற்குக் கீழே போக முடியாது. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, 1 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் எளிய வடிகட்டியைப் போட்டால், உள்ளீட்டில் மொத்தம் 0.37 மைக்ரோவோல்ட் ஆர்.எம்.எஸ். (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்). இதுதான் நம் தரைமட்டம்.

இப்போது ஏடிசியின் பங்கைப் பார்ப்போம். ஒரு படியை √12-ஆல் வகுத்தால் வகுத்தலால் எழும் இரைச்சல் கிடைக்கும். கெயின் 1 என்றால் அது உள்ளீட்டில் 88 மைக்ரோவோல்ட். தரைமட்டத்தைவிட இருநூறு மடங்குக்கும் மேல். கெயின் 10-இல் 8.8. கெயின் 100-இல் 0.88, இன்னமும் பெருக்கியைவிட ஏடிசிதான் அதிகம் இரைகிறது. கெயின் 400-இல் 0.22. இங்கே கதை மாறுகிறது. இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 0.43 மைக்ரோவோல்ட். சரி, 1000-க்குப் போனால்? ஏடிசியின் பங்கு 0.09-ஆகச் சுருங்கும், மொத்தம் 0.38. நானூறிலிருந்து ஆயிரத்துக்கு ஏறியதால் கிடைத்த லாபம் பத்தில் ஒரு பங்கு சொச்சம். கொடுத்த விலையோ அளக்கக்கூடிய வரம்பு 25 மில்லிவோல்ட்டிலிருந்து 10 மில்லிவோல்ட்டாகச் சுருங்கியது. அதாவது லோடு செல் பாதிச் சுமையை எட்டும்போதே பெருக்கி முட்டிக்கொள்ளும்.

உண்மையான ஏடிசி, இந்த √12 கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இரையும். அதன் தரவுத்தாளில் உள்ள எண்ணைப் போட்டுக் கணக்கிடுவதே சரி. ஆனால் வளைவின் வடிவம் மாறாது. தொடக்கத்தில் கெயினைப் பத்து மடங்காக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். பிறகு சரிவு தட்டையாகும். தட்டையான பிறகு ஏற்றும் ஒவ்வொரு மடங்கும் வரம்பைத் தின்பதைத் தவிர வேறொன்றும் தருவதில்லை.

பெருக்கியை எங்கே வைப்பது என்பதும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அடுக்கடுக்காகப் பெருக்கிகள் இருக்கும்போது, இரண்டாவது அடுக்கின் இரைச்சல் முதல் அடுக்கின் கெயினால் வகுபடும். மூன்றாவதன் இரைச்சல் முதல் இரண்டின் பெருக்கலால் வகுபடும். ரேடியோ ஏற்பிகளுக்காக ஹரால்ட் ஃப்ரிஸ் 1944-இல் எழுதிவைத்த சூத்திரத்தின் சாரம் இது. முதல் அடுக்கு நல்லதாக இருந்து, அதன் கெயினும் போதுமானதாக இருந்தால், பின்னால் வருபவை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. நீண்ட கம்பியும் ஓர் அடுக்கு மாதிரிதான்: வழியில் சேரும் இரைச்சலைக் குறைக்க, பெருக்கியைக் கருவியின் பக்கம் வைப்பதைவிடச் சென்சாரின் பக்கம் வைப்பது நல்லது.

சிக்னலின் மேல் சவாரி செய்பவை

இவ்வளவும் சிக்னல் தனியாக வருகிறது என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு. சிக்னல் ஒருபோதும் தனியாக வருவதில்லை. கெயினைத் தீர்மானிக்கும்போது ‘என் சிக்னல் எவ்வளவு’ என்று மட்டும் கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான் பார்த்த தவறுகளிலேயே மிக மோசமானதும் இதுதான், ஏனென்றால் இது வெளியே தெரியாது.

கே வகைத் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்து வெப்பநிலையை மின்னழுத்தமாக்கும் சென்சார்) ஒன்று 20 மில்லிவோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியோடு இணையும் குளிர் முனை பூஜ்யம் டிகிரி என்றால் இது சுமார் 485 டிகிரி செல்சியஸ். உறையில்லாத நீண்ட கம்பி, பக்கத்தில் ஒரு மோட்டார். மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமல் ±40 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. கெயின் 200, ±10 வோல்ட் ஏடிசியில் இதன் வரம்பு ±50 மில்லிவோல்ட். 20 மில்லிவோல்ட் இதில் தாராளமாக அடங்கும் என்று தோன்றும். ஆனால் உள்ளே வருவது −20-க்கும் +60-க்கும் நடுவே ஆடுகிறது. மேல்முனை 50-இல் வெட்டுப்படுகிறது, கீழ்முனைக்கு ஒன்றும் ஆவதில்லை. பிறகு நிரல் ஒரு விநாடிக்கான சராசரியை எடுக்கிறது. உறுமல் முழுதாக வந்திருந்தால் சராசரியில் அது பூஜ்யமாகியிருக்கும். மேல்பக்கம் மட்டும் வெட்டுப்பட்டதால் ஆகவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி 20-க்குப் பதில் 18.5 மில்லிவோல்ட். அளவு 35 டிகிரி குறைவாகக் காட்டும்.

திரையில் வருவது அமைதியான, ஆடாத, நம்பத்தக்க ஓர் எண். சராசரி அந்த உறுமலையும் மறைத்துவிட்டது, வெட்டுப்பட்டதையும் மறைத்துவிட்டது. உலையின் வெப்பநிலையை இந்த எண்ணை நம்பி ஏற்றுபவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. அதனால்தான் சராசரிக்கு முந்தைய கச்சா அளவுகளை ஒரு தடவையாவது அலைவடிவமாக வரைந்து பார்க்க வேண்டும் என்று சேர்ந்து வேலை செய்யும் எல்லோரிடமும் மன்றாடுவேன். வரம்பின் விளிம்பில் அலையின் தலை தட்டையாக இருந்தால் கெயின் அதிகம், அல்லது வடிகட்டி போதவில்லை.

இதய மின்பதிவு இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம். இதயத் துடிப்பின் மின்சிக்னல் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். தோலும் மின்முனையும் சேரும் இடத்தில் உருவாகும் நிலையான மின்னழுத்தமோ ±300 மில்லிவோல்ட் வரை போகலாம் என்று வைத்துத்தான் கருவிகளை வடிவமைக்கிறார்கள். ஒரு மில்லிவோல்ட் என்பதைப் பார்த்து 1000 மடங்கு கெயின் வைத்தால் முதல் நொடியிலேயே பெருக்கி முட்டி நின்றுவிடும். அதனால் பழைய வடிவமைப்புகளில் முதல் அடுக்கில் ஐந்து, பத்து என்று மிதமான கெயின், பிறகு 0.05 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் வடிகட்டி. அதன் பிறகுதான் பெரிய கெயின். ஏடிஎஸ்1298 போன்ற புதிய சிப்புகள் வேறு வழியில் போகின்றன. 24 பிட் ஏடிசியை வைத்து, கெயினை 12-க்கு மேல் ஏற்றாமல், அந்த நிலையான மின்னழுத்தத்தையும் சேர்த்தே பதிவு செய்து, பிறகு எண்களில் கழிக்கின்றன.

ஃப்ரிஸ் சொல்வது ‘முன்னாலேயே பெருக்கு’ என்று. வெட்டுப்படும் அபாயம் சொல்வது ‘வடிகட்டாமல் பெருக்காதே’ என்று. இந்த இழுபறிக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பொதுவாக நான் செய்வது: உள்ளீட்டிலேயே சிறிய மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட எளிய வடிகட்டி, அதன்பின் உறுமலும் சேர்ந்து அடங்கும் அளவுக்குக் கெயின், மீதி வேண்டுமானால் அடுத்த வடிகட்டிக்குப் பிறகு.

பெருக்கியின் வயிற்றுக்குள்ளேயும் ஒரு வெட்டு நடக்கலாம். மூன்று ஆப்-ஆம்ப் (அடிப்படைப் பெருக்கிச் சுற்று) கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கியில் முதல் அடுக்கு, இரண்டு கம்பிகளுக்கும் பொதுவாக உள்ள மின்னழுத்தத்தை அப்படியே கடத்தும். வித்தியாசத்தை மட்டும் பெருக்கி, பாதியை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் கழிக்கும். 5 வோல்ட் வழங்கலில் வேலை செய்யும் பெருக்கியில் பொது மின்னழுத்தம் 4 வோல்ட், வெளியே வர வேண்டியது 4 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு முனை 2 வோல்ட்டிலும் மறுமுனை 6 வோல்ட்டிலும் நிற்க வேண்டும். 6 வோல்ட்டுக்கு அங்கே வழியில்லை, 5-இல் முட்டும். வெளியே 4 வோல்ட்டுக்குப் பதில் அதைவிடக் குறைவாக வரும். அதுவும் ஏடிசியின் வரம்புக்குள் இருக்கும் ஓர் எண்தான், யாருக்கும் சந்தேகம் வராது. தரவுத்தாள்களில் வைர வடிவில் வரைந்திருக்கும் படம் இந்த எல்லையைத்தான் காட்டுகிறது. கெயினைக் கூட்டும்போது அந்தப் படத்தைத் திரும்ப ஒரு தடவை பார்ப்பது வீணான வேலை அல்ல.

பொது மின்னழுத்தத்தைத் தள்ளிவிடும் திறனைப் பொறுத்தவரை கெயின் நமக்கு நண்பன். முதல் அடுக்கில் கெயின் கூடக் கூட இந்தத் திறனும் கூடும். ஏடி620-இல் கெயின் 1-க்கும் 100-க்கும் நடுவே முப்பது டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் உண்டு. 10 வோல்ட் கொடுத்த பிரிட்ஜின் இரண்டு கம்பிகளிலும் பொதுவாக 5 வோல்ட் இருக்கும். 100 டெசிபெல் தள்ளும் பெருக்கியில் அது 50 மைக்ரோவோல்ட் பிழையாகும். 70 டெசிபெல் என்றால் ஒன்றரை மில்லிவோல்ட்டைத் தாண்டும். நம் 20 மில்லிவோல்ட்டில் அது கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு.

கெயின் குறைக்காத பிழைகள்

ஆஃப்செட் கெயினால் குறையாது. பெருக்கியின் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட் ஆஃப்செட் இருந்தால், 400 மடங்கு கெயினில் அது 20 மில்லிவோல்ட்டாக வெளியே வரும். உள்ளீட்டுக் கணக்கில் அதே 50 மைக்ரோவோல்ட். கே வகைத் தெர்மோகப்பிளுக்கு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் என்பதால், இது ஒரு டிகிரிக்கும் மேலான பிழை. நிலையாக இருந்தால் கழித்துவிடலாம், வெப்பத்தோடு நகர்ந்தால் முடியாது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் ஒவ்வொரு முனையும் தானே ஒரு சிறு தெர்மோகப்பிள்தான். ஆக்ஸைடு படிந்த தாமிர முனை டிகிரிக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோவோல்ட்கூடத் தரும். மைக்ரோவோல்ட்டில் வேலை செய்பவர்கள் இணைப்புகளைச் சுத்தமாக வைத்து, காற்று படாமல் மூடுவதற்குக் காரணம் இதுதான்.

கெயினைத் தீர்மானிக்கும் மின்தடையும் நகரும். டிகிரிக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) மாறும் மின்தடை, 20 டிகிரி வெப்பநிலை மாற்றத்தில் 0.1 சதவீதம் மாறிவிடும். 100 கிலோவில் அது 100 கிராம். நான்கு கிராம் படி கிடைத்துவிட்டது என்று மகிழும்போது, மாலையில் அறை குளிர்ந்தால் மொத்த அளவுகோலே நூறு கிராம் நகரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். படி சிறிதாவது வேறு, அளவு சரியாவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கிய கருவிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

பட்டை அகலம் பற்றிச் சுருக்கமாக. கெயின் ஏறினால் வேகம் குறையும். ஏடி620 கெயின் 100-இல் 120 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 1000-இல் 12 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்கான 1.2 கிலோஹெர்ட்ஸிலேயே அளவு அரை சதவீதம் குறைந்திருக்கும். மெதுவாக மாறும் எடைக்கும் வெப்பத்துக்கும் இது பொருட்டல்ல. அதிர்வை அளப்பவருக்குப் பொருட்டு.

ஒரே பெருக்கி, பல சேனல்கள்

பெரும்பாலான தரவுச் சேகரிப்புக் கருவிகளில் பதினாறு சேனலுக்குப் பதினாறு பெருக்கி இருப்பதில்லை. ஒரே பெருக்கி, ஒரே ஏடிசி; முன்னால் ஒரு மல்டிபிளெக்சர் சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்கும். சேனல் மாறும்போது கெயினும் நொடியில் மாறும். இங்கே கெயின் அமைப்பு நேரத்தோடு பிணைந்துவிடுகிறது.

சேனல் 0-இல் 5 வோல்ட், சேனல் 1-இல் தெர்மோகப்பிள் என்று வரிசை வைத்திருக்கிறோம். மல்டிபிளெக்சரின் உள்ளே ஒட்டியிருக்கும் மின்தேக்கத்தில் 5 வோல்ட் மின்னூட்டம் நிற்கிறது. அடுத்த நொடி தெர்மோகப்பிள் இணைகிறது. அந்த மின்னூட்டம் வடிந்தாக வேண்டும். எவ்வளவு வடிய வேண்டும்? கெயின் 1 என்றால் 16 பிட்டுக்கு 11 அல்லது 12 காலமாறிலி (தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கினால் வரும் நேரம்) பொறுத்தால் போதும். கெயின் 100-இல் ஒரு படியே 3 மைக்ரோவோல்ட். 5 வோல்ட்டிலிருந்து அதில் பாதிக்கு இறங்க 15 காலமாறிலி வேண்டும். மூலத்தின் தடை 10 கிலோ ஓம், மின்தேக்கம் 100 பிகோஃபாரட் என்றால் ஒரு காலமாறிலி 1 மைக்ரோவிநாடி. ஆகவே 15 மைக்ரோவிநாடி. விநாடிக்கு ஒரு லட்சம் அளவு எடுக்கும் கருவி தருவதோ 10 மைக்ரோவிநாடி. முந்தைய சேனலின் நிழல் அடுத்ததில் விழுந்துகொண்டே இருக்கும். சேனல் 0-ஐ ஆட்டினால் சேனல் 1 கூடவே ஆடும். பார்ப்பவர் கம்பியில் குறை என்று தேடிக்கொண்டிருப்பார்.

பரிகாரம் எளிது. ஒரே வரம்பில் உள்ள சேனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரியதிலிருந்து சிறியதுக்குத் தாவும் இடத்தில், கிரவுண்டோடு இணைத்த ஒரு சேனலை நடுவே செருகிப் படித்து, அந்த அளவைத் தூக்கி எறியுங்கள். தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றாதீர்கள். மூலத்தின் தடை அதிகம் என்றால், சேனலுக்கு ஒரு பெருக்கி என்று மல்டிபிளெக்சருக்கு முன்னாலேயே வைத்துவிடுவது செலவானாலும் நிம்மதி.

எண்ணாக எழுதும் கெயின்

இன்றைக்குக் கெயினை மின்தடை மாற்றி அமைப்பவர்கள் குறைவு. நிரலில் ஒரு வரியாக எழுதுகிறோம். பல கருவிகளின் நிரல்களில் ‘கெயின்’ என்ற சொல்லே வராது. எதிர்பார்க்கும் குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு எண்களைக் கேட்கும். அதற்கு மேலே உள்ள அடுத்த வரம்பை ஓட்டுநிரல் தானே தேர்ந்துகொள்ளும். அங்கே −10, 10 என்று விட்டுவிட்டால் கெயின் 1-தான். திரையில் ஆறு தசம இலக்கம் தெரிவது நம்மை ஏமாற்றும். அந்த இலக்கங்கள் வகுத்தலிலிருந்து வந்தவை, சென்சாரிலிருந்து வந்தவை அல்ல.

சிறு சிப்புகளிலும் இதே கதை. ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் ஏடிசியில் ±6.144 வோல்ட் முதல் ±0.256 வோல்ட் வரை ஆறு வரம்புகள் உண்டு. மின்சாரம் கொடுத்ததும் அது நிற்பது ±2.048-இல், ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட். கே வகைத் தெர்மோகப்பிளை நேராக இணைத்தால் ஒரு படிக்கு ஒன்றரை டிகிரி. ±0.256-க்கு மாற்றினால் படி 7.8 மைக்ரோவோல்ட், அதாவது 0.2 டிகிரிக்கும் குறைவு. ஒரே ஒரு வரி மாற்றம். இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: ±6.144 என்று வரம்பு வைத்தாலும், சிப்புக்குக் கொடுத்த வழங்கல் மின்னழுத்தத்தைத் தாண்டி 0.3 வோல்ட்டுக்கு மேல் உள்ளே விட்டால் சிப்பு கெட்டுப்போகும். வரம்பு என்பது அளக்கும் எல்லை; தாங்கும் எல்லை வேறு.

எடைக் கருவிகளில் எங்கும் காணும் எச்எக்ஸ்711-இல் கெயினை மாற்றும் விதம் விசித்திரமானது. தரவைப் படிக்க அனுப்பும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கட்டளை. 25 துடிப்பு என்றால் ஏ சேனல், கெயின் 128. 26 என்றால் பி சேனல், கெயின் 32. 27 என்றால் ஏ சேனல், கெயின் 64. கட்டளை அடுத்த அளவுக்குத்தான் செல்லும். இப்போது கையில் இருக்கும் எண் பழைய கெயினில் எடுத்தது. இதைக் கவனிக்காமல் சேனலை மாற்றி மாற்றிப் படித்தால், எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் பதிவாகும். 5 வோல்ட்டில் கெயின் 128 என்றால் வரம்பு ±20 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்த 2 மில்லிவோல்ட் / வோல்ட் லோடு செல்லின் 10 மில்லிவோல்ட் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதி வீண் என்று நினைக்க வேண்டாம். மேடையின் சொந்த எடை, திடீர் அடி, பிரிட்ஜின் சமமின்மை எல்லாம் அங்கேதான் இடம் பிடிக்கின்றன.

24 பிட் வந்த பிறகு கெயினே தேவையில்லை என்று சொல்பவர்களுக்கும் இதே சிப்பு பதில் சொல்கிறது. 24 பிட் என்பது ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் படி. கெயின் 128-இல் விநாடிக்கு 10 அளவு எடுக்கும்போது இதன் உள்ளீட்டு இரைச்சல் 50 நானோவோல்ட் ஆர்.எம்.எஸ். 10 மில்லிவோல்ட்டை அதனால் வகுத்தால் இரண்டு லட்சம். உச்சிக்கு உச்சி ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தால் ஆடாமல் நிற்கும் படிகள் சுமார் முப்பதாயிரம். மீதியெல்லாம் இரைச்சலை அளக்கும் பிட்டுகள். இந்த முப்பதாயிரமும் கிடைப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த 128 மடங்கு பெருக்கியால்தான்.

புதிதாக ஒரு சேனலை அமைக்கும்போது நான் செய்வது இது. சென்சாரைக் கழற்றிவிட்டு, உள்ளீட்டு முனைகளைக் குறுக்கே இணைத்து, இரண்டையும் கிரவுண்டோடு சேர்க்கிறேன். கிரவுண்டோடு சேர்ப்பது முக்கியம். பெருக்கியின் உள்ளீட்டு மின்னோட்டத்துக்குத் திரும்பும் பாதை இல்லாவிட்டால் மிதக்கும் முனை மெல்ல நகர்ந்து ஒரு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மிதக்கும் தெர்மோகப்பிளுக்கும் இதே காரணத்துக்காக ஒரு மின்தடை வழியே கிரவுண்டு கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கெயினிலும் சில ஆயிரம் அளவுகள் எடுத்து, திட்டவிலக்கத்தைக் கெயினால் வகுத்து எழுதிக்கொள்கிறேன். எண்கள் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டையாகும். அந்த இடத்துக் கெயினைக் குறித்துக்கொண்டு, சென்சாரை மாட்டி, சுற்றியுள்ள மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டு, கச்சா அலைவடிவத்தின் உச்சியைப் பார்க்கிறேன். உச்சி வரம்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் கெயினை ஒரு படி இறக்கிவிடுவேன். கடைசியாக, தெரிந்த எடையோ தெரிந்த மின்னழுத்தமோ இரண்டு வைத்து, அந்தக் கெயினுக்கென்றே அளவீட்டைச் சரிபார்க்கிறேன். ஒரு வரம்பில் செய்த சரிபார்ப்பு இன்னொரு வரம்புக்குச் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிழை உண்டு.

தரவுக் கோப்பின் முதல் வரிகளில் ஒவ்வொரு சேனலின் கெயினையும் எழுதிவைப்பது இப்போது எங்கள் குழுவில் கட்டாயம். வெளியே தனியாக ஒரு பெருக்கி இருந்தால் அதன் கெயின் ஒரு வரி, கருவிக்குள் இருக்கும் கெயின் இன்னொரு வரி, நிரலில் எதனால் வகுத்தோம் என்பது மூன்றாவது வரி. சோதனையின் நடுவே யாராவது கெயினை மாற்றினால், அந்த நிமிடத்தோடு கோப்பை மூடிவிட்டுப் புதிய கோப்பைத் திறக்கிறோம்.